நல்ல முட்டை நீலம் குடிக்காது

லூர்தக்காவின் இரண்டு உள்ளங்கைகளிலும் மருதாணி அப்பியிருந்தது. அது உதிராமல் இருக்கப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். பப்பாளித் தண்டை அவளால் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து, தண்டின் ஒரு முனையை வாயில் வைத்து, மறு முனை வழியாகப் பீங்கான் கோப்பைக்குள் மெதுவாக ஊதினாள்.

கோப்பையில் இளநீலத் தண்ணீர். அடியில் ஜவ்வரிசி போல மீன் முட்டைகள். அவள் ஊதும்போதெல்லாம் சிறு குமிழிகள் எழுந்தன. முட்டைகள் இடம் பெயர்ந்து லேசாக உருண்டன.

மெதுவாக ஊதச் சொன்னேன். தண்டை ஆட்டாமல் பிடி என்றாள் அவள். பப்பாளித் தண்டின் பச்சை வாடையும் மருதாணி வாடையும், பந்தல் போடுகிறவர்கள் வாசலில் அறுத்த தென்னங்கீற்றின் வாடையும் சேர்ந்து அந்த அறையில் நின்றன. அதற்கு மறுநாளின் மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

பலகாரத் தட்டோடு உள்ளே வந்த அத்தை, அப்பாவின் தங்கை, அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏளா, பொண்ணுக்கு நாடியெல்லாம் நீலமா இருக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரவ பாத்தா பிடிக்காத கல்யாணம், மருந்தக் குடிச்சிட்டான்னுல்லா நெனைப்பாவ."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் தண்டு இருக்கும்போது சிரித்தால் என்ன ஆகும்? தண்ணீர் தெறித்து அவள் உதட்டுக்குக் கீழே, நாடியில், இன்னொரு நீலச் சொட்டு விழுந்தது.

குடிக்கிற தண்ணீரில் மீன்

இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக நான் படித்து வந்த கதையையே எழுதிவந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பெருவிரலை மையில் அழுத்தாமல் கையெழுத்துப் போட்டவள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த வாரம் படிக்காதவளைப் பற்றி எழுத வேண்டும்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் வயதில் நான் கைக்குழந்தை. அம்மா மீன் விற்கப் போகவேண்டும். என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் இடுப்பு தேவைப்பட்டது. அது அக்காவின் இடுப்பு. நான் நடக்கத் தொடங்கியபோது அவள் பள்ளி வயதைத் தாண்டியிருந்தாள்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அவள் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸில் புதைந்த இறாலை நாள் முழுக்க நின்றுகொண்டே உரிக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துவிடும். சனிக்கிழமை மாலைகளில் அங்கே ஒருத்தர் ஊதா மருந்துக் குப்பியோடு வருவார். பெண்கள் வரிசையாகக் கையை நீட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் பெண்களில் யார் யார் கொட்டகைக்குப் போகிறார்கள் என்று விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்பா கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிறவர். ஒருமுறை திரும்பி வந்தபோது எனக்கு ஒரு மைப்பேனா வாங்கி வந்தார். அக்காவுக்கு ஒரு பால்மாவு பாட்டில் நிறையத் தண்ணீர். அதற்குள் நான்கு குட்டிக் கெளுத்திகள்.

விரல் கணு அளவுதான் இருந்தன. பித்தளை நிறம், பூனை மீசை. கொழும்பில் யாரோ தென்னமெரிக்கா மீன் என்று சொல்லி விற்றார்களாம். தோணியில் வந்த இரண்டு நாளும் அப்பா பாட்டிலைத் தன் வேட்டியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்திருக்கிறார்.

தெருவே சிரித்தது. "கடல்கரைக்கு மீன் வாங்கிட்டு வந்த மொத ஆளு நீருதாம்வே" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நாலையும் போட்டா எத்தன சட்டி கொழம்பு வரும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மனுசன் குடிக்கிற தண்ணீரில் மீனைக் குளிப்பாட்டுகிற வீடு உருப்படுமா என்று அவள் கேட்டாள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெரிய பேட்டரிக் கண்ணாடி ஜாடி ஒன்றை அப்பா கொண்டுவந்தார். அக்கா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பத்து நாள் வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்து மீன்களை விட்டாள்.

இரண்டு செத்தன. இரண்டு பிழைத்தன. பிழைத்ததில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. அக்காவுக்கு அவற்றில் பிடித்தது ஒன்றே ஒன்று. அவை கண் சிமிட்டும். வேறு மீன் எதுவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கொட்டகையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஜாடிக்கு முன் உட்கார்ந்து அவளும் சிமிட்டுவாள்.

அப்பன் விரதம்

எங்கள் கடலில் ஒரு கெளுத்தி உண்டு. பெண் முட்டை போட்டதும் ஆண் அதையெல்லாம் வாயில் வாங்கிக்கொள்ளும். முட்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருக்கும். குஞ்சு பொரிக்கும்வரை, பொரித்த பிறகும் சில நாள், அது எதுவும் தின்னாது. வலையில் அகப்படும் கெளுத்தியின் வாயைப் பிளந்து முட்டைகளை எடுத்துக் குழம்பு வைப்பது எங்கள் கரையில் வழக்கம். அப்பா மட்டும் அந்தக் குழம்பைத் தொட மாட்டார். பசித்துக் கிடந்தவன் வாயிலிருந்து பிடுங்கியது என்பார்.

அதனால்தான் நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம். வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் அக்கா கூரைத் தண்ணீரைப் பிடித்து ஜாடியில் ஊற்றினாள். மறுநாள் காலை கண்ணாடியெங்கும் முட்டை. பெரிய மீன் தன் அடித் துடுப்புகள் இரண்டையும் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்கள் கை குவிப்பதுபோலக் குவித்து, அதற்குள் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திப் போய்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தது. பார்க்கப் பார்க்க எங்களுக்குச் சலிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிறிய மீன் வந்தது. கண்ணாடியோடு வாயை வைத்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துக்கொண்டது.

"பாத்தியளா" என்றார் அப்பா. "எந்தக் கடல்ல பொறந்தா என்ன, அப்பன் அப்பன்தான். யாரும் தொடாதீய."

அந்தச் சிறிய மீனைப் பக்குவமாக ஒரு மண்சட்டிக்கு மாற்றினோம். விரதம் இருக்கிற மீனுக்கு இரை காட்டக் கூடாது என்று அக்கா சட்டியை மெல்லிய துணியால் மூடினாள். தினமும் போய் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் அதோடு நிற்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது என்று அறிவித்தேன். மற்ற பெண்கள் புத்தகத்தில் படிப்பது எனக்கு வீட்டில் நடக்கிறது என்ற கர்வம். மிஸ் கொஞ்சம் யோசித்தார்.

"வாயைத் திறந்து பார்த்தாயா, பிரகாசி?" என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. அன்று மாலை அக்கா அந்த மீனைக் கையில் எடுத்து, நகநுனியால் அதன் வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வயிறு ஒட்டிப்போயிருந்தது. முட்டைகளை அது அன்றைக்கே தின்று முடித்துவிட்டது. நாங்கள்தான் அதை ஒன்பது நாள் பட்டினி போட்டிருக்கிறோம்.

அப்பா வெளியே போய்விட்டார். அவரையே யாரோ ஏமாற்றியதுபோல இருந்தது அவர் முகம். கல்லூரியில் என் பெயர் அந்த ஆண்டு முழுக்கக் கெளுத்தி.

பஞ்சு

இரண்டாம் முறை முட்டை வந்தபோது நாங்கள் ஏமாறவில்லை. அக்கா முட்டைகளை விரலால் உருட்டிக் கண்ணாடியிலிருந்து பிரித்து, தனியாக ஒரு பீங்கான் கோப்பையில் போட்டாள். இறாலின் முதுகிலிருந்து நரம்பு அறுந்துவிடாமல் இழுத்துப் பழகிய விரல்கள். ஒன்றுகூட உடையவில்லை.

மறுநாள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகிவிட்டன. அடுத்த நாள் அந்த இரண்டைச் சுற்றியும் பஞ்சு முளைத்தது. ஊறவைத்து மறந்த பயற்றில் வருமே, அதே பூசணம். அதன் இழைகள் பக்கத்து முட்டையைத் தொட்டன. தொட்டது வெளுத்தது. மூன்றாம் நாள் கோப்பைக்குள் ஒரே பஞ்சுப் பந்து.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு தன் விரல் இடுக்கை விரித்துப் பார்த்தாள்.

"ஏளா, இதுவும் பூசணந்தான? கொட்டகையில எங்க கைக்குப் பூசுதாவல்லா ஊதா மருந்து, அதுல ஒரு சொட்டு விட்டா என்ன?"

நான் சிரித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மனுசத் தோலுக்குப் போடுகிற மருந்தை மீன் முட்டைக்குப் போடுவார்களா, படிக்காதவர்கள்தான் இப்படியெல்லாம் பேசுவார்கள் என்று சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் மிஸ்ஸிடம் பூசணத்தைப் பற்றியும் அக்கா சொன்னதைப் பற்றியும் கேட்டேன். அவர் ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார். மெதிலீன் நீலம். சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளுக்கு நாங்கள் போடும் அதே சாயம். முட்டைத் தண்ணீரில் ஓரிரு சொட்டு விட்டால் பூசணம் அண்டாது. கெட்டுப்போன முட்டை சாயத்தை உறிஞ்சிக் கருநீலமாகும். உயிருள்ளது வெளிறியபடியே இருக்கும். கெட்டதை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஊதா மருந்தும் அதன் உறவுக்காரன்தான், உன் அக்கா சரியாகத்தான் யோசித்திருக்கிறாள் என்றார் மிஸ்.

சாயத்தை எடுத்துப் போக என்னிடம் குப்பி இல்லை. அப்பா வாங்கித் தந்த மைப்பேனாவிலிருந்த மையைக் கொட்டிக் கழுவி, அதில் அந்த நீலத்தை நிரப்பிக்கொண்டேன். அன்று பிற்பகல் முழுக்க என்னால் குறிப்பு எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பேனாவை நீட்டினேன். அவள் சொன்னதுதான் சரி என்று மட்டும் சொன்னேன். நேற்றுப் பேசியதற்கு வேறு எப்படி வருத்தம் தெரிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஓலை

இதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். பூர்வீகம் பெரியதாழை. கல்கத்தாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, அடுத்த புதன்கிழமை தாலியை மந்திரித்துக் கட்டி, வியாழக்கிழமை மாலை ரயில் ஏற்றுவது என்று பேசி முடித்தார்கள்.

கல்கத்தா எவ்வளவு தூரம் என்று அக்கா என்னைக் கேட்டாள். தேசப்படத்தில் காட்டினேன். தூத்துக்குடியில் ஒரு விரலும் கல்கத்தாவில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள். "கொழும்புதான் பக்கம்" என்றாள்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறன்று நாங்கள் பூசை முடிந்து வந்தபோது ஜாடியில் மறுபடியும் முட்டை. விடிய விடிய மழை பெய்திருந்தது. மீன்களுக்கு மழைதான் கணக்கு போல.

எத்தனை நாளில் பொரிக்கும் என்று அக்கா கேட்டாள். நான்கு நாள் என்றேன். விரல் விட்டு எண்ணினாள். வியாழக்கிழமை.

"அப்ப நான் பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் இரண்டாம் வேலையாகிவிட்டது. முதல் வேலை கோப்பைதான். பேனா முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீலம் விட்டேன். தண்ணீரை அசைக்க என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், கொல்லைப்புறப் பப்பாளியில் ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு வந்து ஊதத் தொடங்கினாள் அவள். ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாற்றி மாற்றி ஊதினோம். நாங்கள் உறங்கும் நேரத்துக்காக அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். பால்மாவு டப்பாவில் ஆணியால் துளையிட்டு, நூல் கோத்து, உத்திரத்திலிருந்து தோணிக்காரர் முடிச்சில் கட்டித் தொங்கவிட்டார். நூல் வழியாக நீலத் தண்ணீர் கோப்பைக்குள் சொட்டியது. முதல் முட்டைகளைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த டப்பாதான் அவர் பேச்சு.

கல்யாணத்துக்காகப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த சுவரில் அக்கா கரித்துண்டால் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்தாள். ஒரு முட்டைக்கு ஒரு வட்டம். கருநீலமானதை எடுத்து எறிந்ததும் அதற்குரிய வட்டத்தில் ஒரு கோடு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தக்காரர்கள் உட்காரப்போகிற சுவர் அது.

திங்கட்கிழமை நான் ஒரு சிலேட்டை எடுத்து வந்தேன். மருதாணி இன்னும் வைத்திருக்கவில்லை. நாலு நாளில் அவளுக்கு நாலு எழுத்தாவது சொல்லித்தர வேண்டும் என்று திடீரென்று ஒரு வெறி. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் புத்தகத்தை உரக்கப் படிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வலை முடிந்திருக்கிறாள். ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் சிலேட்டைத் தள்ளிவைத்தாள்.

"எழுத்து எங்கயும் போவாது. முட்டையப் பாருளா, அங்கன ஒண்ணு கறுக்கு."

அன்று பிற்பகல்தான் கையில் மருதாணி கட்டினார்கள். அத்தை பலகாரத்தோடு வந்ததும், நீலச் சொட்டு நாடியில் விழுந்ததும் அப்போதுதான்.

அந்தச் சொட்டைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார்கள். போகவில்லை. புதன்கிழமை கோயில் வாசலில் படம் எடுத்தவர், "திருஷ்டிப் பொட்டு வைக்கிறது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு எடுத்தார். அந்தப் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவள் நாடியின் இடப்பக்கம் ஒரு கரும்புள்ளி. அது என்னவென்று என்னிடம் கேட்டவர்களுக்கு மச்சம் என்று சொல்லியிருக்கிறேன்.

கண்

கல்யாணம் முடிந்து அக்காவை மாப்பிள்ளையின் உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நான் அன்று மாலையும் மறுநாள் காலையும் தனியாக ஊதினேன். தண்டை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. வாய் வலித்தது. தண்டில் அவள் கடித்த பல்தடம் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மறுவீட்டு விருந்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா நேரே கோப்பைக்கு வந்து, பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள். கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன்.

அதற்குள் பதினொன்றுதான் மிச்சம். ஆனால் அந்தப் பதினொன்றும் சாயம் ஏறாமல் தேன்நிறத்தில் தெளிவாக இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். சுருண்ட வால் ஒன்று முட்டைச் சுவரை உதைத்தது.

"கண்ணு தெரியுது" என்றாள் அக்கா. மெதுவாகத் தன் ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மா இலை போட்டு இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்டை எடுத்து ஊதினாள். கன்னம் உப்பி உப்பி அடங்கியது. வாசலில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அப்பா ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் போய், அவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டாம் என்றார்.

நான்கு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வண்டி வந்துவிட்டது. ஒன்றும் பொரிக்கவில்லை.

ரயில் நிலையத்தில் கூட்டம். பலகாரக் கூடை, தண்ணீர்க் கூஜா, அம்மாவின் அழுகை. அக்கா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொரித்தவுடன் கடிதம் போடுகிறேன், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"நீ எழுதுனா அவிய வாசிச்சுச் சொல்லுவாவ. அப்ப அது அவிய சொன்னதா ஆயிரும். எனக்கு நீ சொல்லி கேக்கணும்."

வண்டி நகர்ந்தது. கடைசியாகத் தெரிந்தது மருதாணிச் சிவப்பேறிய அவள் கை. விரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் ஊதா இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைக்கூட ஏற்றாமல் கோப்பையிடம் போனேன். வாசல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. வெறும் முட்டைத்தோடுகள் மிதந்தன. கோப்பையின் அடியில், கொட்டிய எள் போல, கண்ணும் வாலுமாகப் பதினொன்றும் துடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஸ்டேஷனில் நின்ற நேரத்தில் வெளியே வந்திருக்கின்றன. வண்டி அப்போது மணியாச்சியைக்கூடத் தாண்டியிருக்காது.

யாரைக் கூப்பிடுவது? திரும்பிப் பார்த்தேன். சுவரில் அவள் போட்ட வட்டங்கள். பெரும்பாலானவற்றில் கோடு. கோடு விழாதவை பதினொன்று. கரித்துண்டு கீழேயே கிடந்தது. அதை எடுத்து அந்தப் பதினொரு வட்டங்களுக்கும் ஒவ்வொரு வால் போட்டேன்.

போட்டு முடித்த பிறகுதான் புரிந்தது. அக்காவுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது.

ஒரு வட்டம்

கல்கத்தாவுக்குப் போட்ட முதல் கடிதத்தில் எல்லோரும் எழுதுவதையே எழுதினேன். சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் நலம், அங்கு மச்சானும் அக்காவும் நலமா, அம்மாவுக்கு இருமல் தேவலை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் வாலோடு பதினொரு வட்டங்கள் போட்டேன். மச்சான் அதைக் கோலம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பதில் வந்தது. மச்சானின் அழகான கையெழுத்து. எல்லாம் நலம், குளிர் அதிகம், லூர்துக்குக் கடுகெண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் எதுவும் இல்லை. இன்னொரு கடிதம் வந்தது. அதிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் தாளைத் திருப்பி, மடிப்பை விரித்து, பசை தடவிய ஓரம்வரை தேடினேன். பதினொன்றில் நான்கு வளர்ந்து ஜாடிக்குப் போயிருந்தன. நான்கு மீனை வரைந்து அனுப்பினேன். அதற்கும் ஒன்றும் இல்லை. ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து அவற்றுக்குக் கண் சிமிட்டிப் பார்த்தேன். எனக்கு அவளைப்போல வரவில்லை.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது மூன்றாவது கடிதம் வந்தது. அம்மாவும் அப்பாவும் எதிரே உட்கார்ந்திருக்க நான் வாசித்தேன். வழக்கமான நலங்கள். முடிவில், மச்சானின் கையெழுத்துக்குக் கீழே, பேனா பிடித்துப் பழகாத கை அழுத்திப் போட்ட ஒரு வட்டம். தாள் அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது.

ஒரே ஒரு வட்டம். வால் இல்லை. கோடும் இல்லை. கெடவில்லை, இன்னும் பொரிக்கவும் இல்லை.

"வேற என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. நாளைக்கு வாசிக்கேன்" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய், உத்திரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த பால்மாவு டப்பாவின் முடிச்சைச் சரிபார்த்தார்.

மச்சான் எழுதாததை அவள் எனக்கு எழுதியிருந்தாள். ஒருவேளை அவரிடமே இன்னும் சொல்லவில்லையோ என்னவோ. ஒரு நாள் முழுக்க அந்தச் செய்தியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது அவள் என்னிடம் சொல்லி நான் கேட்டது.

மறுநாள் கல்லூரியில் பேனாவைக் கழுவி மறுபடியும் அந்த நீலத்தை நிரப்பிக்கொண்டேன். மாலையில் பதில் எழுத உட்கார்ந்தேன். யாவரும் நலம் என்பதை வேறொரு பேனாவால் எழுதினேன். தாளின் கீழே அவள் போட்டதுபோலவே ஒரு வட்டம் போட்டேன். பிறகு என் பேனாவைத் திறந்து, முனையைத் தாளின் மேல் நிறுத்தி, ஒரே ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்தேன்.

வட்டத்துக்கு உள்ளே அல்ல. பக்கத்தில்.